முந்தி விண்ணப்பிப்போம், முந்திப் பணம் கட்ட மாட்டோம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சில்தான். முடிவு மே மாதம்தான். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்லூரிச் சேர்க்கை வியாபாரம் தீபாவளி முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூட வாசலில் துண்டறிக்கை. டவுன் பஸ்ஸின் முதுகில் விளம்பரம். அப்பாவின் செல்போனுக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "சார், உங்க பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இப்பவே புக் பண்ணிடலாம். அட்வான்ஸ் மட்டும் போடுங்க. ரிசல்ட் வந்தப்புறம் வந்தா சீட் இருக்காது சார்." சித்தாள் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிற நம் ஆட்களை வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் சார் என்று கூப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லுக்கே பாதி மனசு இளகிவிடுகிறது. மீதி மனசை "சீட் இருக்காது" என்ற மிரட்டல் பார்த்துக்கொள்கிறது.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நவம்பர் மாதத்தில் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "முன்கூட்டியே போடலாமா, ரிசல்ட் வரட்டுமா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. விண்ணப்பிப்பது ஒன்று. பணம் கட்டுவது இன்னொன்று. நம் பிள்ளைகளுக்கு நடப்பதோ நேர் தலைகீழ். எங்கே முந்தி விண்ணப்பிக்க வேண்டுமோ அங்கே விண்ணப்பிப்பதே இல்லை. எங்கே முந்திப் பணம் கட்டக்கூடாதோ அங்கே வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறோம். இது நம் அறியாமையால் மட்டும் நடப்பதாகச் சொல்வது நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வேலை. தேதிகளும் கட்டணங்களும் விதிகளும் அப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அமைப்பால் யாருக்கு இலாபமோ அவர்கள் அதைத் திருத்தப் போவதில்லை.

எங்கே முந்த வேண்டும்?

இந்த நாட்டின் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் முதல்தர நிறுவனங்களின் கதவு மே மாதம் திறப்பதில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முதல் சுற்றுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், ஜனவரியில் தேர்வு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில். அதற்கான விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கி, அக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடும். நம் பிள்ளை அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுவிடுகின்றன. மே மாதம் நல்ல மதிப்பெண்ணோடு வந்து நிற்கும் பிள்ளையிடம், "இதற்கெல்லாம் போன வருசமே போட்டிருக்கணுமேம்மா" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிடக் கொடுமையான வாக்கியம் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பது யாருடைய தயவும் அல்ல. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என்பது சட்டம். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கானவை. அந்தப் பாதிக்குள்ளும் நம் ஒதுக்கீடு உண்டு. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி; இது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேரும் மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்கும் என்று 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

சட்டம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம்தான் போகவில்லை. ஏன் போகவில்லை? வகுப்பாசிரியர் சொல்லவில்லை. சொன்னாலும் வகுப்பில் முதல் மூன்று பேரைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார். "உனக்கெதுக்குடா அதெல்லாம், பாலிடெக்னிக் போ, சீக்கிரம் சம்பாதிக்கலாம்" என்று அக்கறையோடு சொன்ன வாத்தியார்களும் உண்டு. அந்த அக்கறை தெருவைப் பார்த்து வருகிற அக்கறை. அடுத்த தெருப் பிள்ளைக்கு அதே வாத்தியார் அதே புத்திமதியைச் சொல்வதில்லை.

மனு போடுவது இந்த மண்ணில் சாதாரண காரியமல்ல

ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று இருப்பதும், அதற்கு மனு போட முடிவதும் வேறு வேறு என்பதை மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அதன்பின் பத்தாண்டுகள் அங்கே என்ன நடந்தது? வேட்புமனு போட ஆளில்லாமல் செய்தார்கள். போட்டவரையும் பதவியேற்ற கையோடு விலக வைத்தார்கள். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் மனு போட்டு, வென்று, தலைவராக நாற்காலியில் உட்கார்ந்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் சேர்த்து ஆறு பேரை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

கல்லூரி விண்ணப்பத்தையும் அந்த இரத்தத்தையும் ஒரே தராசில் நாங்கள் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் வேலை செய்கிற தந்திரம் ஒன்றுதான். ஒதுக்கீட்டைச் சட்டத்திலிருந்து எடுக்க முடியாதவர்கள், அந்த இடத்துக்கு நம் மனு போய்ச் சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அரிவாள். இன்றைக்குக் கடைசித் தேதி, ஆன்லைன் கட்டணம், ஆங்கிலத்தில் மட்டுமே உள்ள இணையப் பக்கம், மாதக்கணக்கில் வராத வருமானச் சான்றிதழ். பிறகு "தகுதியானவர்கள் விண்ணப்பிக்கவில்லை" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடலாம்.

எனவே சந்தேகமே வேண்டாம். அரசு நிறுவனமா, இடஒதுக்கீடு உண்டா, முதல் நாளே விண்ணப்பியுங்கள். கிடைக்குமா என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காது என்று நாமே தீர்ப்பெழுதி வீட்டில் உட்கார்ந்துகொண்டால், நம்மை மறுக்கிற வேலைகூட அவர்களுக்கு மிச்சம்.

எங்கே முந்தக்கூடாது?

இனி மறுபக்கம். துண்டறிக்கை கொடுக்கிற கல்லூரிகள் "ஏர்லி அட்மிஷன்" என்று சொல்வது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் அரசின் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். மிச்சம் இருப்பது அவர்கள் கையில். நவம்பரில் உங்களுக்கு விற்கப்படுவது அந்த மிச்சம்.

அந்த மிச்சத்தில் நுழைந்ததும் நம் பிள்ளை எதையெல்லாம் இழக்கிறது என்று ஏஜெண்ட் சொல்ல மாட்டார். நாங்கள் சொல்கிறோம்.

முதலாவது, போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. ஆண்டு வருமானம் குறித்த வரம்புக்குள் உள்ள பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள் தனியார் கல்லூரியில் படித்தாலும் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2012இல் அரசாணை 92 பிறப்பித்தது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களையும் அது சேர்த்துக்கொண்டது. பல தலைமுறைகளில் முதல் தடவையாகச் சேரிப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்ததில் அந்த அரசாணைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மத்திய அரசு 2018இல் இத்திட்டத்தின் நெறிமுறைகளைத் திருத்தியபோது, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்று ஆக்கிவிட்டது. அதாவது அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. கலந்தாய்வு வழியாக வந்த பிள்ளைக்கு அரசு கட்டுகிறது. முன்பணம் கட்டி வந்த பிள்ளைக்கு அப்பாவின் கடன் கட்டுகிறது.

இரண்டாவது, 7.5 விழுக்காடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 2021 முதல் இந்த உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கும். இந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. இதுவும் கலந்தாய்வு வழியாக மட்டுமே.

மூன்றாவது, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் நமக்குள்ள 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியர்களுக்கான 3 விழுக்காடு. நிர்வாக ஒதுக்கீட்டில் உங்கள் சாதிச் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் இல்லை. பணத்துக்கு மட்டும்தான் மதிப்பு. பெரும்பாலான தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசின் பொறியியல் கலந்தாய்வுக்குள்ளேயே வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, பிள்ளையின் தேர்வு செய்யும் உரிமை. நவம்பரில் முன்பணம் கட்டிய வீட்டில், மே மாதம் பிள்ளை எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் எடுத்தால்கூட, "கட்டின காசு போயிடும்" என்ற பயம் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற அரசு உதவிபெறும் கல்லூரியில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைக்கக்கூடிய கட்-ஆஃப் கையில் இருக்கும்போதே, எங்கோ ஒரு புறவழிச்சாலைக் கல்லூரியில் இலட்சங்களைக் கொட்டிச் சேர்ந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாலு வருசம் கழித்து அந்த வீட்டில் பட்டம் இருந்தது. தாலிக்கொடி அடகுக் கடையில் இருந்தது.

கடைசித் தேதியின் சாதி

"யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு இடம். இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் பதிவேட்டிலிருந்தே பதில் சொல்லலாம்.

2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர், தினக்கூலித் தொழிலாளியின் மகன், ஜே.இ.இ. மேம்பட்ட தேர்வில் வென்று தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். நாலே நாள் அவகாசம். ஜூன் 24 மாலை 5 மணி கடைசி. ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போனது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைக் கையில் எடுத்து, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. 2021 நவம்பரில் மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்டும்போது ஏற்பட்ட தடங்கலால் இழந்த இன்னொரு தலித் மாணவருக்கும் இதே நீதிமன்றம் இதே பிரிவைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

நாட்டிலேயே கடினமான தேர்வுகளில் ஒன்றை ஜெயித்த பிள்ளை, நாலு நாளில் 17,500 ரூபாய் புரட்டும் தேர்வில் தோற்றது. இந்த இரண்டாவது தேர்வை எந்தப் பாடத்திட்டத்தில் வைத்தார்கள்? சம்பளக் கணக்கும் கிரெடிட் கார்டும் உள்ள வீட்டுக்கு அது ஒரு நிமிட வேலை. அது எந்தத் தெரு வீடு என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியாதா? இரண்டு பேர் டெல்லி வரை போய் மீண்டார்கள். போக முடியாமல் பருத்திக் காட்டுக்கும் குவாரிக்கும் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது?

வசதி படைத்தவனுக்கு அவசரம் ஒரு சலுகை என்பது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இங்கே சேர்த்தால் இங்கேதான் வருவேன் என்று கையெழுத்திட்டு முந்தி விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. கல்விக்கடன், உதவித்தொகை எங்கே அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லாத பணக்காரப் பிள்ளைகளால்தான் அப்படிக் கையெழுத்துப் போட முடியும். முந்திச் சேர்ப்பதே வசதியானவர்களுக்குச் சாதகம் என்று சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் தங்கள் முன்சேர்க்கை முறைகளைக் கைவிடுவதாக 2006இல் அறிவித்தன. ஆனால் மற்றப் பல்கலைக்கழகங்கள் கைவிடவில்லை. 2011இல் இரண்டுமே முந்திச் சேர்க்கும் முறைக்குத் திரும்பிவிட்டன. மேலிடத்தின் மனச்சாட்சியை நம்பிக் காத்திருக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் நடக்கும்.

ஆகவே என்ன செய்வது?

ஜூலை, ஆகஸ்டிலேயே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு, எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான். "நாங்க சீக்கிரம் வாங்கித் தர்றோம்" என்று ஐந்நூறு கேட்பவரிடம் போகாதீர்கள். தலித் கிறித்தவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் அநீதியால் உங்கள் பிள்ளைக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடு மறுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த அநீதிக்கு எதிரான போராட்டம் தனி. தேதியை அதற்காக விட்டுவிடக் கூடாது.

அக்டோபர், நவம்பரில் ஜே.இ.இ., கிளாட் போன்ற அரசு நிறுவனத் தேர்வுகளுக்கு விண்ணப்பியுங்கள். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்கு நம் பிள்ளைகளுக்கு 500 ரூபாய்தான் கட்டணம். கிளாட்டுக்கோ பட்டியல் சாதி மாணவருக்கே 3,500 ரூபாய். ஊர்ப் படிப்பகங்களும் அம்பேத்கர் மன்றங்களும் பிளக்ஸ் பேனருக்குச் செலவழிப்பதை இந்த ஒரு மாதம் நிறுத்தினால், ஊருக்கு ஐந்து பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

மே மாதம் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு திறந்த அன்றே பதியுங்கள். நமக்கு 250 ரூபாய். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு நம் பிள்ளைகளிடம் பெறுவது பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டுமே. மதுரை நகரத்தின் பழைய தன்னாட்சிக் கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது, அது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள். கல்லூரியின் பெயரும் வளாகமும் ஒன்றாக இருக்கும். கட்டணம் ஒன்றாக இருக்காது.

இட ஒதுக்கீடு இல்லாத பெரிய தனியார்ப் பல்கலைக்கழகங்கள் சில, சுற்றுச் சுற்றாகச் சேர்க்கை நடத்தி, வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகின்றன. திறமையான பிள்ளை முதல் சுற்றிலேயே விண்ணப்பிக்கட்டும். ஆனால் எவ்வளவு உதவித்தொகை, எத்தனை ஆண்டுக்கு, விடுதிக்கும் சேர்த்தா என்பது எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வாய்வார்த்தைக்கு இரசீது கிடையாது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத்தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டும் தரச் சொன்னது. அசல் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது. தர மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். கல்லூரி அலுவலகத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு ஒருவர் போவதும், விதியைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் போவதும் ஒன்றல்ல.

அரசிடம் நாம் கேட்பது

பிள்ளைகளும் பெற்றோர்களும் மட்டும் உஷாராக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. உரிமையை அனுபவிக்க உஷார்தனம் தேவைப்படுகிறது என்றால், அங்கே உரிமை அரைகுறையாகத்தான் இருக்கிறது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் இடத்தை உறுதிசெய்யும் கட்டணம் வாங்குவதை மத்திய நிறுவனங்கள் அடியோடு நிறுத்த வேண்டும். அதுவரை மாநில அரசே அந்தத் தொகையை அன்றைக்கே கட்டும் ஏற்பாடு வேண்டும். கலந்தாய்வு முடிவதற்கு முன்னால் தனியார் கல்லூரிகள் முன்பணம் வாங்குவதைத் தடுக்க வேண்டும். நன்கொடை வசூலுக்கு எதிரான சட்டம் 1992லிருந்து இருக்கிறது, அதைத் தூசி தட்டிப் பயன்படுத்துங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் ஏமாந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு, கலந்தாய்வில் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையையாவது மாநில அரசு தர வேண்டும். ஒவ்வோர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் விடுதியிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை விண்ணப்ப முகாம் நடக்க வேண்டும். யார் யார் எதற்கு விண்ணப்பித்தார்கள் என்ற கணக்கு வெளியிடப்பட வேண்டும். தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு கொண்டுவர அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு 2006 முதல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டம் இயற்றத் தடையாக இருப்பது எது என்று நாடாளுமன்றம் பதில் சொல்லட்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். ஒரு மன்னரின் கையிலிருந்து வந்த அந்த வாய்ப்பை எல்லாப் பிள்ளைகளுக்குமான சட்ட உரிமையாக மாற்றத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் போராடினார். அந்த உரிமையை அட்வான்ஸ் கேட்கிற ஏஜெண்டிடம் நாம் அடகு வைக்க வேண்டாம்.

இந்த வாரம் உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் எதற்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் பூச்சியம் என்றால் இன்றைக்கே ஒரு பிள்ளையை இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்!